நேரலை ஏன் பின்தங்குகிறது?

மேடையில் பேசுபவர் வணக்கம் சொல்லி அரை நிமிடம் ஆன பிறகுதான் நம் கைபேசியில் அந்த வணக்கம் கேட்கிறது. நெட் ஸ்லோ என்று சொல்லிவிடுகிறோம். நல்ல இணைப்பில் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு தகவல் போய்த் திரும்ப, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. அப்படியானால் அந்த முப்பது நொடி எங்கே போகிறது? பெரும்பகுதி மென்பொருளுக்குள்ளேயே போகிறது. செயலியை எழுதுபவர் போடும், அல்லது போடாமல் விட்டுவிடும், சில எண்கள்தான் அதற்குக் காரணம்.

முதலில் என்கோடிங், அதாவது வீடியோவைச் சுருக்கும் வேலை, எதற்கு என்று பார்த்துவிடுவோம். 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தில், புள்ளிக்கு 3 பைட் வீதம் சுமார் 62 லட்சம் பைட் இருக்கும். நொடிக்கு 30 படம் என்றால் ஏறக்குறைய 1.5 கிகாபிட். இதை அப்படியே வீட்டு இணைப்பில் அனுப்ப முடியாது. என்கோடர் இதை 5 மெகாபிட்டுக்குள் அடக்குகிறது. முந்நூறில் ஒரு பங்கு. இன்றும் பரவலாகப் புழங்கும் எச்.264 என்ற முறை வெளியானது 2003-இல்.

அது செய்யும் வேலையின் அடிப்படை எளிமையானது. செய்தி வாசிப்பவரின் உதடு அசைகிறது, பின்னால் உள்ள சுவர் அசையவில்லை. அசையாத சுவரை நொடிக்கு முப்பது தடவை அனுப்புவானேன்? படத்தை 16-க்கு 16 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் முந்தைய படத்தில் எங்கே இருந்தது என்று தேடி, நகர்ந்த தூரத்தையும் மிச்ச வித்தியாசத்தையும் மட்டும் எழுதிவிட்டால் போதும்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. முந்தைய படம் இல்லாமல் அடுத்த படத்தை விரித்தெடுக்க முடியாது. நிகழ்ச்சி பாதியில் இருக்கும்போது வந்து சேர்பவரிடம் முந்தைய படம் ஏது? அவருக்காகத்தான் எதையும் சாராத ஒரு முழுப் படம் அவ்வப்போது அனுப்பப்படுகிறது. அதுதான் கீ ஃபிரேம். மற்றப் படங்களைவிட அது பல மடங்கு பெரியது என்பதால், அடிக்கடி அனுப்ப என்கோடருக்கு மனம் வராது. தாமதத்தின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

ஆப்பிள் நிறுவனம் 2009-இல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையில், ஓடும் வீடியோ சில நொடிகள் நீளமுள்ள துண்டுக் கோப்புகளாக வெட்டப்படுகிறது. துண்டுகளின் பெயர்ப் பட்டியல் ஒரு சிறு உரைக்கோப்பாகக் கூடவே வரும். இணையப் பக்கங்களைத் தரும் அதே சாதாரண சர்வர்களே இவற்றையும் தந்துவிடும். லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரு மேட்சைப் பார்க்க முடிவது இந்த யோசனையால்தான். எனக்கு மிகப் பிடித்த பொறியியல் முடிவுகளில் இது ஒன்று. ஆனால் ஒரு துண்டு முழுதும் பதிவான பிறகுதான் பட்டியலில் ஏறும். போதாததற்கு, பட்டியலின் கடைசியிலிருந்து மூன்று துண்டு நேரமாவது பின்தள்ளித்தான் பிளேயர் தொடங்க வேண்டும் என்கிறது அதன் வரையறை. துண்டுக்கு 10 நொடி என்று ஆப்பிள் ஆரம்பத்தில் பரிந்துரைத்த காலத்தில் அதுவே முப்பது நொடி. பிறகு பரிந்துரை 6 நொடியாகக் குறைந்தது. அப்போதும் பதினெட்டு.

துண்டைச் சின்னதாக்கினால் போச்சு என்று தோன்றும். வீடியோவை என்கோட் செய்து துண்டாக்கும் எஃப்எஃப்எம்பெக் கருவியில் துண்டு நீளம் 2 நொடி என்று கொடுத்துவிட்டு வெளிவரும் பட்டியலைத் திறந்து பாருங்கள். பல துண்டுகள் 8.33 நொடி என்று நிற்கும். கட்டளையில் தவறில்லை. துண்டைக் கீ ஃபிரேமில் மட்டுமே வெட்ட முடியும். அந்தக் கருவி வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்264 என்கோடரோ, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் கீ ஃபிரேம் இல்லாமல் 250 படங்கள் வரை போகும். நொடிக்கு 30 படம் என்றால் கணக்கு சரியாக வந்துவிடுகிறது. அதன் மூன்று மடங்கு இருபத்தைந்து நொடி.

ஆகவே கீ ஃபிரேம் இடைவெளியை 60 படங்கள், அதாவது 2 நொடி, என்று நாமே சொல்லிவிட வேண்டும். காட்சி மாறும்போதெல்லாம் தானாக ஒரு கீ ஃபிரேம் போடும் வழக்கத்தையும் நிறுத்திவிடுவது நல்லது. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நிறுத்தாவிட்டால் துண்டுகள் நீளமும் குட்டையுமாக வரும். அதைவிட மோசமாக, ஒரே நேரலையைப் பல தரங்களில் தரும்போது 1080 வரிப் படத்திலும் 480 வரிப் படத்திலும் வெட்டும் இடங்கள் பொருந்தாமல் போகலாம். சிக்னல் குறைந்து பிளேயர் தரத்தை இறக்கும் நொடியில் படம் திக்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இடைவெளியை ஒரு நொடியாக்கலாமே என்றால், ஆக்கலாம். ஆனால் பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு அனுப்பும் பிட்டுகளின் அளவை, உயர்த்தாமல் கீ ஃபிரேமைக் கூட்டினால் மற்றப் படங்களுக்குப் பங்கு குறையும். ஓடும் பந்தைச் சுற்றிப் புல்தரை கட்டம் கட்டமாகத் தெரியும். மேட்சுக்கும் மேடைப் பேச்சுக்கும் 2 நொடி போதும் என்பது என் கருத்து. பார்ப்பவர் திரும்பப் பேச வேண்டிய நிகழ்ச்சிகள், அதாவது வகுப்பு, ஏலம், மருத்துவ ஆலோசனை போன்றவை வேறு. அவற்றுக்கு வெப்ஆர்டிசி என்ற வேறொரு முறை வேண்டும். அதில் துண்டே கிடையாது, தாமதம் அரை நொடிக்குள் அடங்கும். பதிலுக்கு ஒவ்வொரு பார்வையாளரோடும் சர்வர் தனித்தனியாகத் தொடர்பில் இருக்க வேண்டியிருப்பதால் கூட்டம் சேரச் சேரச் செலவு ஏறும். துண்டு முடியும் முன்பே அதன் பகுதிகளைக் கொடுத்துவிடும் குறைதாமத எச்எல்எஸ்ஸை 2019-இல் ஆப்பிள் அறிவித்தது. இரண்டுக்கும் நடுவில் நிற்பது அது.

என்கோடருக்குள்ளேயும் கொஞ்சம் நேரம் ஒளிந்திருக்கிறது. எக்ஸ்264 தன் வழக்கமான அமைப்பில் வரப்போகும் 40 படங்களை முன்கூட்டியே பார்த்துத்தான் பிட்டுகளைப் பங்கிடும். ஒரு நொடிக்கும் மேல் அங்கேயே போய்விடும். ஜீரோலேட்டன்சி என்ற அமைப்பைப் போட்டால் இது நின்றுவிடும், தரமும் ஓரளவு இறங்கும்.

எதை மாற்றுவதற்கு முன்னும் தாமதத்தை அளந்துவிடுங்கள். மில்லிநொடி ஓடும் ஒரு கடிகாரத்தைக் கேமராவுக்கு எதிரே வைத்து, அந்தக் கடிகாரமும் நேரலை ஓடும் திரையும் ஒரே சட்டத்தில் விழும்படி இன்னொரு கைபேசியில் ஒரு போட்டோ எடுத்தால் போதும். இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசமே மொத்தத் தாமதம். பிறகு ஒவ்வோர் எண்ணாக மாற்றி, ஒவ்வொரு முறையும் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றினால் எது எத்தனை நொடியைக் குறைத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.