பட்டைக்குள் வண்டு, விண்வெளியில் ரேடார்

2018-ஆம் ஆண்டின் கடும் வறட்சிக்குப் பின் செக் குடியரசிலும் ஜெர்மனியிலும் ஸ்புரூஸ் மரக்காடுகள் மலைச்சரிவு மலைச்சரிவாகக் காய்ந்துபோயின. வறட்சி பாதி காரணம்தான். மீதிப் பாதி, அரை சென்டிமீட்டர் நீளமே உள்ள ஒரு பட்டை வண்டு. இப்ஸ் டைப்போகிராஃபஸ் என்பது அதன் அறிவியல் பெயர்.

நல்ல மரம் வண்டு துளைத்த இடத்தில் பிசினைச் சுரந்து அதை மூழ்கடித்துவிடும். தண்ணீரில்லாமல் தளர்ந்த மரத்தால் அது முடியாது. முதலில் ஆண் வண்டு பட்டையைத் துளைத்து உள்ளே போய், மணம் பரப்பி மற்ற வண்டுகளை வரவழைக்கிறது. பெண் வண்டு தண்டின் நீளவாக்கில் சுரங்கம் குடைந்து இருபுறமும் முட்டையிடுகிறது. பொரித்த புழுக்கள் பக்கவாட்டில் தின்றுகொண்டே போகின்றன. வண்டோடு வந்த பூஞ்சை நீர்க்குழாய்களை அடைக்கிறது. இத்தனைக்கும் இலை பல வாரங்கள் பச்சையாகவே இருக்கும். அது சிவக்கும்போது புதிய வண்டுகள் அடுத்த மரத்துக்குப் பறந்திருக்கும். அதனால் வனப் பணியாளர்கள் மரம் மரமாக நடந்து, அடிமரத்தில் காப்பித்தூள் போலச் சிந்திக்கிடக்கும் பழுப்பு மரத்தூளைத் தேடுகிறார்கள்.

ஆயிரக்கணக்கான ஹெக்டேரை இப்படி நடந்தே பார்த்துவிட முடியாது. இங்கேதான் ரேடார் செயற்கைக்கோள் உதவிக்கு வருகிறது. ஐரோப்பாவின் சென்டினல்-1 சுமார் 5.6 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள நுண்ணலைகளைத் தானே அனுப்பி எதிரொலியை அளக்கிறது. மேகமும் இருட்டும் அதற்குத் தடையல்ல. ஈரமுள்ள பொருள் நுண்ணலையை வலுவாகத் திருப்பும். காய்ந்தது அவ்வளவாகத் திருப்பாது. செங்குத்தாக அதிரும் அலையை அனுப்பினால், அடர்ந்த இலை கிளைகளில் பட்டுச் சிதறியதில் ஒரு பங்கு கிடைமட்டமாக அதிர்ந்து திரும்பும். இலை காய்ந்து உதிர உதிர அந்தப் பங்கும் மாறும்.

ஒரே ஒரு படத்தை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. முந்தைய நாள் மழையும் உறைபனியும் மலைச்சரிவும் எதிரொலியை மாற்றிவிடும். படத்தின் ஒரு புள்ளிக்குள் பல மரங்கள் அடங்கியிருக்கும். தொடக்க வாரங்களில் அறிகுறியும் மங்கலாகவே இருக்கும். ஆகவே ஒரே இடத்தின் படங்களை வரிசையாக ஒப்பிட்டு, சாதாரண ஒளிப்படங்களோடும் சேர்த்துப் பார்க்கிறார்கள். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் என்ற ரேடார் செயற்கைக்கோளின் 24 சென்டிமீட்டர் அலை, இலைகளைத் தாண்டிக் கிளை, தண்டு வரை ஊடுருவும்.

எந்த ரேடாருக்கும் வண்டு தெரியாது. தண்ணீர் குறைவது மட்டுமே தெரியும். குறைத்தது வறட்சியா வண்டா என்பதைப் பட்டையை உரித்துப் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். எந்தச் சரிவில் முதலில் உரிக்கலாம் என்று காட்டுவதே ரேடாரின் வேலை. வண்டு வெளியேறுமுன் அந்த மரத்தை வெட்டி அகற்றினால்தான் பக்கத்து மரம் பிழைக்கும்.