திறந்த மடலும் பூட்டிய பெட்டியும்



கணிப்பொறிகள் ஒன்றோடொன்று உரையாடுவது எவ்வாறு? அவ்வுரையாடலைப் பிறர் கவராமல் காப்பது எவ்வாறு?  முன்னதை அறியாதவர் பின்னதை அறிதல் அரிது. ஆகவே, முதலில் செய்தி செல்லும் வழியைக் காண்போம்.

பழைய தொலைபேசி முறையில் இருவர் பேசி முடிக்கும்வரை ஒரு வழி முழுவதும் அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அவர்கள் வாய்மூடி இருப்பினும் பிறர் அதனைப் பயன்படுத்த இயலாது. 1960-களில் அமெரிக்காவில் பால் பாரன் என்பவரும் இங்கிலாந்தில் டொனால்டு டேவிஸ் என்பவரும் தனித்தனியே ஆராய்ந்து வேறொரு முறை கண்டனர். நீண்ட கடிதம் ஒன்றைப் பத்து அஞ்சலட்டைகளில் எழுதி, ஒவ்வொன்றிலும் முகவரியும் வரிசை எண்ணும் இட்டு அனுப்புவதாகக் கொள்ளுங்கள். அட்டைகள் வெவ்வேறு வழிகளிற் செல்லலாம், முன்பின்னாகவும் சேரலாம். பெறுபவர் எண்படி அடுக்கிப் படிப்பார். ஒன்று குறைந்தால் மீண்டும் கேட்டுப் பெறுவார். இவ்வட்டைகளையே 'பாக்கெட்' என்கின்றனர். ரயில் தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரிப்போரைப் போல, இடைவழியில் நின்று அவற்றை உரிய திசையில் அனுப்பும் பொறியே 'ரௌட்டர்'.

இம்முறையில் அமைந்த ஆர்ப்பாநெட் என்னும் வலையில், 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்திற்கு முதற்செய்தி அனுப்பப்பெற்றது. 'லாகின்' என்னும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லில் முதலிரண்டு எழுத்துகள் சென்றவுடனே மறுமுனைப் பொறி நின்றுவிட்டது. அன்று தடுமாறிய அந்த வலையின் வழித்தோன்றலே இன்று உலகைச் சூழ்ந்துள்ள இணையம்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். அஞ்சலட்டையை வழியில் எவரும் படிக்கலாம்; திருத்தலாம்; கிழித்தும் எறியலாம். அன்று வலையைப் பயன்படுத்தியோர் பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்கள். ஒருவரையொருவர் நம்பியதால், சிற்றூர் வீடு போலக் கதவைத் தாழிடாமலே வைத்திருந்தனர். 1988-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் அந்நம்பிக்கை குலைந்தது. ராபர்ட் மாரிஸ் என்னும் மாணவர் எழுதிவிட்ட ஒரு நிரல், தன்னைத் தானே படியெடுத்துக்கொண்டு பொறிக்குப் பொறி தாவி, சுமார் ஆறாயிரம் கணிப்பொறிகளை முடக்கியது என்று மதிப்பிடுகின்றனர். அது நுழைந்த வழிகளுள் ஒன்று, எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல். தம் பெயரையே கடவுச்சொல்லாக வைத்திருந்தோரின் கதவுகள் எளிதில் திறந்துகொண்டன.

தகவற் பாதுகாப்பு நூல்கள் மூன்று கூறுகளை வலியுறுத்தும். உரியவரன்றிப் பிறர் அறியாதிருத்தல் ஒன்று. இடையில் மாற்றப்படாதிருத்தல் இரண்டு. வேண்டும்போது கிடைத்தல் மூன்று. மாரிஸின் நிரல் பெரிதும் சிதைத்தது மூன்றாவதை.

முதலாவதைக் காக்கப் பண்டைக்காலம் முதலே சங்கேத எழுத்து உண்டு. ஆனால், அதன் திறவுகோலை முன்பின் அறியாத ஒருவருக்கு அனுப்புவது எங்ஙனம்? அதனையும் அஞ்சலட்டையிலேயே எழுதினால் பயனில்லையே! 1976-இல் டிஃபி, ஹெல்மன் என்னும் இருவர் இதற்கு வழி கூறினர். திறந்த பூட்டு ஒன்றை ஊரார் அனைவருக்கும் கொடுத்துவிடுங்கள். சாவியை மட்டும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். எவரும் தம் பெட்டியை அப்பூட்டால் பூட்டி உங்களுக்கு அனுப்பலாம். திறக்க வல்லவர் நீங்கள் ஒருவரே.

அடுத்த ஆண்டு ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவர் இக்கருத்தைக் கணக்கால் நிறைவேற்றினர். 53-ஐ 59-ஆல் பெருக்குங்கள். ஒரு நிமிடத்தில் 3,127 கிடைக்கும். ஆனால், 3,127-ஐ மட்டும் தந்து, எவ்விரு பகா எண்களின் பெருக்கம் என்று கேட்டால், நெடுநேரம் வகுத்துப் பார்க்க வேண்டும். நடைமுறையில் அறுநூறு இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்களைக் கையாளுகின்றனர். பெருக்கம் எளிது, பிரிப்பு அரிது என்னும் இவ்வியல்பே பூட்டின் வலிமை.

ஓர் இணைய முகவரி 'எச்.டி.டி.பி.எஸ்.' எனத் தொடங்கினால், இத்தகைய பூட்டு அங்கே இடப்பட்டுள்ளது என்று பொருள். ஆயினும், அது வழியைக் காக்குமேயன்றி, மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்று உறுதி கூறாது. திருடனுக்கும் பூட்டிய பெட்டி அனுப்பலாம் அல்லவா?

என் நண்பர் ஒருவர், ஓய்வூதியம் பெறுபவர். வங்கி அதிகாரி என்று தொலைபேசியில் பேசிய ஒருவனிடம், தம் கைப்பேசிக்கு வந்த ஆறிலக்க எண்ணைச் சொல்லிவிட்டார். சில மாத ஓய்வூதியம் சில நொடிகளில் மறைந்தது. அங்கே எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. சாவி கையால் கொடுக்கப்பட்டது.

ஆகவே, இக்கல்வி கணிப்பொறி வல்லுநர்க்கு மட்டும் உரியதன்று. ஊகிக்க இயலாத நீண்ட கடவுச்சொல்லை அமையுங்கள். ஓரிடத்துச் சொல்லை வேறிடத்தில் வையாதீர்கள். ஒருமுறை எண்ணை எவருக்கும் உரையாதீர்கள். பணம் பறிபோயின் நாணி மறைக்காமல், உடனே 1930 என்னும் எண்ணில் முறையிடச் செய்யுங்கள். உங்கள் இல்லத்துப் பெரியோர் பலர் கைப்பேசியை முதுமையிற் கற்றவர்கள். உங்களுக்கு எழுத்தறிவித்த அவர்களுக்கு இதனைப் பொறுமையோடு கற்பிக்கும் ஆசிரியர் நீங்களே.