லயத்து வாசலில் தொடங்கிய திருச்சபை

எந்த நிறுவனமும் தான் தோன்றிய காரணத்தை மறந்துவிடுமானால், அதன் உடல் வளர்ந்துகொண்டே இருக்கும். உயிர் குறைந்துகொண்டே வரும். சங்கங்களுக்கும் கல்லூரிகளுக்கும் அரசியற் கட்சிகளுக்கும் பொருந்தும் இவ்வுண்மை, திருச்சபைக்கும் பொருந்துவதே. கட்டடம் பெருகலாம், காணிக்கை கூடலாம், ஆண்டு விழா மலர் வழவழப்பான தாளில் வெளிவரலாம். “இவையெல்லாம் எதற்காக?” என்று ஒரு சிறுவன் கேட்கும்போது பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்களாயின், அங்கே ஏதோ ஒன்று இடம் மாறிவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

நுவரெலியா, ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பகுதிகளின் தேயிலை மலைகளினூடே செல்வோர், சரிவுகளிலே சிறு சிறு வழிபாட்டிடங்களைக் காண்பர். மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் சைவ சமயத்தினர். ஆகவே கோயில்களே அங்கு மிகுதி. அவற்றினிடையே சிலுவை தாங்கிய எளிய கட்டடங்களும் உண்டு. திருச்சபை எதற்காக இருக்கிறது என்ற கேள்விக்கு, அச்சிறு சபைகளின் வரலாறு தெளிவான விடை ஒன்றைத் தருகிறது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மட்டுமன்றி, ஏனைய வாசக நேயர்களுக்கும் அதிலே சிந்திக்க இடமுண்டு.

நடந்து வந்த உபதேசியார்

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கோப்பித் தோட்டங்களில் வேலை செய்வதற்காகத் தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் இலங்கைக்கு வரத் தொடங்கினர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக மாத்தளையை நோக்கி நடந்தனர். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டவர் பலர். உயிர் தப்பித் தோட்டம் வந்து சேர்ந்தோருக்குக் கிடைத்தவை யாவை? லயத்திலே ஒரு காம்பரா, கங்காணியிடம் தீராத கடன், விடியுமுன் தப்போசை, பின்னர் பெரட்டுக்களம். அவ்வளவே.

இம்மக்களிடையே பணிபுரிவதற்கென 1854ஆம் ஆண்டில் ஒரு மிஷன் தொடங்கப்பட்டது. ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்பது அதன் பெயர். இன்று அப்பெயர் நம் காதுக்கு நாராசமாகவே ஒலிக்கிறது. அக்காலத்துத் துரைமாரின் வழக்கு அப்படி இருந்தது. தோட்டத் துரைமாரிற் சிலர் உபதேசியார்களின் சம்பளத்துக்குப் பணம் திரட்டினர். சர்ச் மிஷனரி சங்கம் மேற்பார்வைக்குப் போதகரை அளித்தது. திருநெல்வேலியில் முன்னர் பணியாற்றிய செப்டிமஸ் ஹாப்ஸ் என்பவர் அப்பொறுப்பை ஏற்று வந்தார். உபதேசியார்களும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தே வரவழைக்கப்பட்டனர்.

அந்த உபதேசியார்களிடம் என்ன இருந்தது? கோபுரம் இல்லை, மணி இல்லை, வாத்தியக் கருவி இல்லை. கையிலே ஒரு வேதப் புத்தகம், நாவிலே தொழிலாளர் பேசிய அதே தமிழ், மலையேறி இறங்குவதற்கு இரண்டு கால்கள் ஆகியவையே அவர்களுடைய முதல். பகல் முழுவதும் மக்கள் மலையில் வேலை செய்வர். மாலையில் அவர்கள் களைத்துத் திரும்பிய பின்னரே பேச முடியும். எனவே லயத்து வாசலே ஆலயமாயிற்று. விளக்கு வெளிச்சத்தில் நோயாளிக்காக வேண்டுதல், பிள்ளைகளுக்கு எழுத்தறிவு, துக்க வீட்டில் ஆறுதல், கடவுள் உன்னையும் அறிவார் என்ற செய்தி: இவையே அன்றைய திருச்சபை.

அதாவது, மலைநாட்டுத் தமிழ்த் திருச்சபை மக்களை நோக்கி நடந்து வந்த சபை. மக்கள் தன்னைத் தேடி வருவார்கள் என்று காத்திருந்த சபை அன்று. அதன் நடுநோக்கம் இந்த நடையிலேயே அடங்கியிருந்தது எனலாம்.

ஆயினும் அத்தொடக்கத்திலேயே ஒரு முரண்பாடும் இருந்தது. படியளப்பவர் துரை, படி பெறுபவர் உபதேசியார், லயத்தில் வாழ்பவரோ அந்தத் துரையின் தொழிலாளி. கடவுளின் முன்னிலையில் துரையும் தொழிலாளியும் சமம் என்பதே வேதத்தின் செய்தி. அதனைத் துரையின் பணத்தில் வாழ்பவர் முழுக் குரலில் சொல்ல முடிந்திருக்குமா? பணம் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாகவே பேச்சும் சாயும் என்பது உலக இயல்பு. அந்த ஆபத்து துரைமாரோடு ஒழிந்துவிடவில்லை. இன்று கொடையாளர், நன்கொடை நிறுவனம், பிரமுகர் என்று வேறு பெயர்களில் நிற்கிறது.

கல்லிலே எழுதியதும் எழுதாததும்

நுவரெலியாவிலுள்ள பரிசுத்த திரித்துவ ஆலயம் 1852ஆம் ஆண்டில் பிரதிஷ்டை செய்யப்பட்டது. டிக்கோயாவில், இன்று காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கி நிற்கும் வார்லி கிறிஸ்து ஆலயம் 1878ஆம் ஆண்டில் எழுந்தது. கண்ணுக்கு இனிய கட்டடங்கள்! அவற்றைச் சூழ்ந்த கல்லறைகளிலே ஆங்கிலத் தோட்டக்காரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இளமையிலேயே அயல் மண்ணில் மாண்டவர் சிலர். அவர்கள் துயரமும் துயரமே.

ஆனால் அதே மலைகளிலே தேயிலைத் தூருக்கடியில் புதையுண்ட தொழிலாளருக்குக் கல்லும் இல்லை, எழுத்தும் இல்லை. துரைமாருக்கு ஆங்கில ஆராதனை, தொழிலாளருக்குத் தமிழ் ஆராதனை என்று ஒரே ஆண்டவரை இரு உலகத்தார் தனித்தனியே வணங்கினர். மொழி வேறுபாடு மட்டுமே காரணம் என்றால் அதிற் குறையில்லை. படி வேறுபாடும் உடன் சேர்ந்திருந்ததே குறை.

காலம் எவற்றையெல்லாம் மாற்றிற்று என்பதையும் கவனிப்போம். 1869ஆம் ஆண்டில் காணப்பட்ட இலை நோய் சில ஆண்டுகளிற் கோப்பியை அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரவில் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992ஆம் ஆண்டில் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளுக்குச் சென்றது. துரைமார் போயினர். லயத்து மனிதரின் கண்ணீர் மட்டும் போகவில்லை. எனவே திருச்சபையின் வேலையும் முடியவில்லை.

மையம் நகரும் விதம்

ஒரு சபையின் மையம் ஒரே நாளில் நகர்ந்துவிடுவதில்லை. மெல்ல மெல்லவே நகருகிறது. கூரை ஒழுகுகிறது, திருத்துவதற்கு ஒரு குழு அமைக்கிறோம். நல்லதே. குழுவுக்குத் தலைவர் யார் என்று போட்டி வருகிறது. போட்டியில் இரு கட்சி உண்டாகிறது. சில ஆண்டுகளில் கூரை நன்றாக இருக்கிறது. அதன் கீழே அமர்ந்திருப்போர்தாம் ஒருவரோடொருவர் பேசுவதில்லை! திருநாளும் அவ்வாறே. கடவுளுக்கு நன்றி கூறத் தொடங்கிய விழா, ஒலிபெருக்கியின் அளவிலும் பந்தலின் அகலத்திலும் அடுத்த தோட்டத்தை வெல்லும் விழாவாக மாறுகிறது. சம்பளம் வாங்கிய கையோடு வரிப்பணம் கட்ட இயலாத தாய், வெட்கத்தினாலே ஆலயத்துக்கு வராமலே இருந்துவிடுகிறாள். யாருக்காக விழா எடுத்தோமோ அவளையே அது வெளியே நிறுத்திவிட்டது.

கட்டடமும் விழாவும் பாடகர் குழுவும் தீயவை அல்ல. வேலியானது பயிருக்காக, பயிரை மேய்வதற்காக அன்று.

இந்த நோய் புதியதுமன்று. எருசலேமிலிருந்த ஆதித் திருச்சபையில், விதவைகளுக்கு உணவு பங்கிடுவதில் ஓரவஞ்சனை என்ற முறைப்பாடு எழுந்ததை அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. அப்போஸ்தலர்கள் அதற்காகப் போதனையைக் கைவிடவும் இல்லை; விதவைகளின் பசியை அலட்சியம் செய்யவும் இல்லை. அதற்கென நம்பத்தகுந்த எழுவரை நியமித்தனர். கொரிந்து நகரத்துச் சபையிலோ, ஆண்டவரின் விருந்துக்குக் கூடியபோது வசதியுள்ளோர் முந்தி உண்டனர், ஏழைகள் பசியோடிருந்தனர். அது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று பவுல் கடிந்துகொண்டார்.

நம் தமிழ்ச் சபைகளின் கதையிலே இதற்கு இணையாக நிற்பது சாதி. தென்னிந்தியச் சபைகள் சிலவற்றில் திருவிருந்தின் முன்னிலையிலும் சாதி வேறுபாடு பாராட்டப்பட்டது. கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833ஆம் ஆண்டில், அதனை அறவே ஒழிக்க வேண்டுமெனக் கட்டளை அனுப்பினார். தஞ்சையிலும் சென்னையிலும் பெருங் கலகம் எழுந்தது. பலர் சபையை விட்டே விலகினர். அவர்களுக்குச் சாதி மையமாகவும், கிறிஸ்து ஓரமாகவும் போயினர் அல்லவா? கடல் கடந்து வந்த நம் முன்னோர், மூட்டையோடு அதனையும் தோட்டத்துக்குச் சுமந்து வந்தனர். இன்றும் கல்யாணப் பேச்சில் அது தலைகாட்டுமாயின், ஒரே அப்பத்தைப் பங்கிட்டு உண்பதன் பொருளை நாம் மீண்டும் கற்க வேண்டியவர்களே.

ஆராதனையா, தொண்டா?

“திருச்சபையின் நடுநோக்கம் ஆன்மீகம், சம்பளம், குடியுரிமை, வீடு, காணி என்பவற்றில் அது தலையிடலாமா?” என்று கேட்போர் உண்டு. மலையக வரலாறே இதற்கு விடை கூறட்டும்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் கையொப்பமான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகுத்தது. தாத்தா ஒரு நாட்டுக்கு, பேரன் மறு நாட்டுக்கு எனக் குடும்பங்கள் பிளந்தன. மலைநாட்டு நிலையங்களிலே கோச்சி ஏறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேசுவரம் போய், நீலகிரி மலைகளிலே மீண்டும் தேயிலை கிள்ளச் சென்றவர் எண்ணற்றோர். ஞாயிறு தோறும் அருகருகே அமர்ந்து பாடியவர்களைக் கடல் பிரித்தது. அந்நாட்களில், “பொறுமையாயிருங்கள்” என்பதற்கு மேல் சொல்ல வாயற்ற சபை, தன் நடுநோக்கத்தைக் காத்துக்கொண்டது என்று கூற முடியுமா?

முடியாது என்றே சிலர் கருதினர். கண்டியின் கத்தோலிக்க ஆயராயிருந்த லியோ நாணயக்கார, 1972ஆம் ஆண்டில், புதிதாக அமைந்த வறிய பதுளை மறைமாவட்டத்தின் பொறுப்பைத் தாமே விரும்பி ஏற்றார். அதே ஆண்டில், இயேசு சபைத் துறவியான போல் காஸ்பர்ஸ் கண்டியிலே ‘சத்யோதய’ நிலையத்தைத் தொடங்கி, சிங்களரும் தமிழரும் ஒருமித்துத் தோட்ட மக்களின் உரிமைக்காகப் பணிபுரிய வழி செய்தார். மலையகத்தின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபெற்ற நெடுநடையிலும், கிறிஸ்தவ சபையோர் பிற சமயத்தவரோடு சேர்ந்து நடந்தனர். முன்னோர் நடந்த வழியிலே, அவர்களுடைய பேரப்பிள்ளைகளோடு திருச்சபையும் நடந்தது. 1854ஆம் ஆண்டின் உபதேசியாரின் நடைக்கும் இதற்கும் உறவுண்டு என்பதே நம் கருத்து.

ஆனால் மறுபக்கத்துப் பள்ளத்தையும் காண வேண்டும். தொண்டு என்பது திட்டமாகி, திட்டம் அறிக்கையாகி, அறிக்கைக்காகப் புகைப்படமாகி முடிவதுண்டு. அன்றியும், அரிசி மூட்டையைக் காட்டி ஆள் சேர்க்கும் வழக்கம் எங்கே தலையெடுத்தாலும், அது சைவ அயலவரின் உள்ளத்தைப் புண்படுத்துவதோடு, அன்பையும் வியாபாரமாக்கிவிடும். பசித்தவனுக்கு அவன் பசித்தவன் என்பதற்காகவே உணவு கொடுத்தல் வேண்டும். ஆராதனை வேர், தொண்டு கனி. வேரற்ற மரம் காயும். கனியற்ற மரத்தின் வேரைப் பற்றி ஊரார் ஐயுறுவர்.

வீட்டிலே தொடங்குவோம்

இவற்றையெல்லாம் போதகர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடலாமா? திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையிற் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912ஆம் ஆண்டில் தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. ஞானஸ்நானம் பெற்றோர் தம் தலைமேல் தாமே கைவைத்து, நற்செய்தியை அறிவிப்பது தம் கடமை என்று உறுதி கூறச் செய்வது அவர் வழக்கம். எழுத்தறியாத உழவனும் அதிலே பங்காளி. சம்பளம் பெறுபவரின் வேலையாக இருந்ததை, எல்லாருடைய வாழ்வாகவும் அவர் ஆக்கினார்.

தோட்டத்துக் குடும்பங்களும் அவ்வாறே தொடங்கலாம். முதலாவதாக, வாரம் ஒரு மாலை, நோயுற்றோர் அல்லது தனித்து வாழும் முதியோர் ஒருவரின் காம்பராவுக்குக் குடும்பமாகச் செல்லலாம். பிள்ளைகள் வேலை தேடிக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் சென்றுவிட, லயத்திலே பேச்சுத் துணையின்றி இருக்கும் பெரியவர்கள் இன்று பலர். இரண்டாவதாக, உயர் வகுப்பு மாணவர், ஆலயத்துக் கூடத்திலே எச்சமயப் பிள்ளைகளுக்கும் மாலை வேளையிற் பாடம் சொல்லிக்கொடுக்கலாம். மூன்றாவதாக, சபைக் கணக்கு வாசிக்கப்படும் நாளில் ஒரே ஒரு கேள்வியைப் பணிவோடு கேட்கலாம்: “இப்பணத்தில் எத்தனை பங்கு நமக்காக, எத்தனை பங்கு பிறருக்காக?” அந்த ஒரு கேள்வி, நீண்ட பிரசங்கங்கள் செய்யாததையும் செய்யும்.

தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டாமல் விட்டால் அது ஓங்கி மரமாகும். பார்க்கப் பெரிதாக இருக்கும். கொழுந்து மட்டும் கைக்கு எட்டாது. மலைநாட்டார் யாவரும் இதனை அறிவர். சபைகளுக்கும் காலந்தோறும் ஒரு கவாத்து வேண்டியிருக்கிறது. வெட்டும்போது சிறிது வலிக்கும். கிளைகளின் பெருமை குறையும். ஆனால், கடவுளின் அன்பு லயத்து வாசலில் நிற்கும் கடைசி மனிதரின் கைக்கும் எட்ட வேண்டுமாயின், அதற்கு வேறு வழியில்லை.