இரண்டு இரவு, ஒரு சிறு பெட்டி

வாரக் கடைசி என்றால் சனியும் ஞாயிறும் என்பது ஆபீஸ் வேலை பார்ப்பவர்களின் கணக்கு. எங்கள் வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ்; மற்றவருக்கு ரயில் பாதை பராமரிப்பில் இரவு வேலை. எங்கள் 'சனிக்கிழமை' சில வாரம் செவ்வாயன்று வரும், சில வாரம் வரவே வராது. வால்தம்ஸ்டோவுக்குக் குடிவந்த முதல் இரண்டு வருஷம் நாங்கள் பேசிக்கொண்டதைவிட ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியதுதான் அதிகம். "குழம்பு இரண்டாவது தட்டில்." "கவுன்சில் டாக்ஸ் கட்டியாச்சு." வார்டில் ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை அடுத்த நர்ஸிடம் ஒப்படைப்பதுபோல, வீட்டை ஒருவருக்கொருவர் ஒப்படைத்துக்கொண்டிருந்தோம்.

இதற்கு நாங்கள் கண்ட வழி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரண்டு இரவு வெளியூர் போவது. நம் சபையிலும் இப்படி ஷிஃப்டில் வாழும் இளம் தம்பதிகள் பலர் இருப்பதால் அதைப் பற்றி எழுதுகிறோம்.

பெரியவர்கள் எங்களிடம் கேட்டது இரண்டு கேள்வி: ஆராதனை என்ன ஆகும்? பணம் எங்கிருந்து வரும்? இரண்டும் நியாயமான கேள்விகளே. வார நடுவில் ஓய்வு கிடைப்பது ஷிஃப்ட் வேலையின் ஒரு நன்மை. செவ்வாய் போய் வியாழன் திரும்புவோம். டிக்கெட்டும் பெரும்பாலும் மலிவாகவே கிடைக்கும். ஞாயிறு ஓய்வு கிடைத்தால் அது ஆலயத்துக்கு. பணத்துக்கு, வாடகை, காணிக்கை, ஊருக்கு அனுப்புவது எல்லாம் போக ஆளுக்கு மாதம் 50 பவுண்டு தனிக் கணக்கில் போடுகிறோம். மூன்று மாதத்தில் 300. அதற்குள் அடங்குகிற இடத்துக்கு மட்டுமே போவோம். கடன் அட்டையைத் தொடமாட்டோம். புதிதாய் மணமானவனை ஒரு வருஷம் யுத்தத்துக்கு அனுப்பாமல் மனைவியோடு வீட்டில் இருக்கவிட வேண்டும் என்று உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டமே இருக்கிறதே! தம்பதிக்கு நேரம் வேண்டும் என்பது நம் காலத்து ஆடம்பரம் அல்ல.

முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். எங்களைப் போல இந்திய பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். பலமுறை போய்வரும் விசா கிடைத்தால் அந்தச் செலவு பல பயணங்களுக்குப் பகிர்ந்துபோகும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம். ஆனால் உள்ளே நுழையும் நாளில் அது வழங்கப்பட்டு 10 வருஷம் தாண்டியிருக்கக் கூடாது, திரும்பும் நாளுக்கு மேல் மூன்று மாதமாவது செல்ல வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கைரேகையும் படமும் எடுக்கும் புதிய முறை தொடங்கியிருப்பதால், நேரத்தைக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து இறைச்சி, பால் பொருட்களை ஐரோப்பிய யூனியனுக்குள் கொண்டுபோக முடியாது. ஆகவே சிக்கன் வறுவலும் தயிர்சாதமும் வீட்டிலேயே இருக்கட்டும், புளிச்சாதம் கட்டுங்கள்.

நர்ஸாக ஒரு வார்த்தை: நைட் டியூட்டி முடித்த காலையிலேயே விமானம் ஏறாதீர்கள். ஒரு இரவு வீட்டில் தூங்கி எழுந்து புறப்படுங்கள். இல்லாவிட்டால் முதல் நாள் முழுவதும் ஒருவர் தூங்குவார், மற்றவர் கோபப்படுவார். தினமும் எடுக்கும் மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும்.

முதல் பயணத்துக்குப் பாரிஸ் சுலபம். வால்தம்ஸ்டோ சென்ட்ரலில் விக்டோரியா லைன் ஏறினால் கிங்ஸ் கிராஸ் செயின்ட் பாங்க்ராஸ். அங்கிருந்து யூரோஸ்டார் ரயிலில் சுமார் இரண்டே கால் மணி நேரம். பாரிஸில் இறங்கும் கார் து நோர் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் லா ஷப்பல். ஈழத்திலிருந்து வந்தவர்களின் கடைகள் நிறைந்த தெரு அது. கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டு ஆற்றங்கரைக்கு நடக்கலாம், நடப்பதற்குக் காசில்லை.

எங்கள் மனதில் நின்ற ஊர் ஜெர்மனியின் ஹாலே. டாட்டன்ஹாம் ஹேலில் ரயிலேறி ஸ்டான்ஸ்டெட், அங்கிருந்து விமானத்தில் பெர்லின், பிறகு ரயிலில் ஒன்றேகால் மணி. தரங்கம்பாடிக்கு 1706 ஜூலை 9 அன்று வந்திறங்கிய சீகன்பால்கு படித்த ஊர் அது. ஃபிராங்கே 1698இல் தொடங்கிய அநாதை இல்லமும் பள்ளிகளும் இன்றும் நிற்கின்றன. மேல்தளத்துக் காட்சியறையில் சுமார் 3,000 பொருட்கள். அவற்றில் தரங்கம்பாடியிலிருந்து மிஷனெரிகள் அனுப்பியவையும் உண்டு. தமிழ் ஓலைச்சுவடிகளை அங்குள்ள ஆவணக் காப்பகத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். தரங்கம்பாடி அச்சகத்துக்கு முதல் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பியது இந்த ஊர். அச்சு இயந்திரம் போனது லண்டனிலிருந்து. அந்த எழுத்துகள் பெரிதாக இருந்ததால் பிறகு இந்தியாவிலேயே சிறியவற்றை வார்த்தார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. பாடகர் குழுவினருக்கு இன்னொரு செய்தி: ஹாண்டெல் 1685இல் பிறந்ததும் இதே ஊரில்தான்.

1714இல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குத் திரும்பியபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் கூட வந்தார். அந்தப் பயணத்தில்தான் சீகன்பால்கு மரியா டொரோத்தியாவை மணந்தார். 1719 பிப்ரவரியில் அவர் இறந்தபோது வயது 36. அந்தத் தம்பதிக்குக் கிடைத்தது ஏறக்குறைய மூன்றே வருஷம்.

அந்த வளாகத்துப் பெஞ்சில் இதைப் பற்றிப் பேசத் தொடங்கிய நாங்கள், எங்களைப் பற்றிப் பேசி முடித்தோம். எங்களுக்கும் ஏறக்குறைய அதே வயது. "விசேஷம் ஏதும் உண்டா?" என்று ஊரிலிருந்து வரும் கேள்விக்கு நான்கு வருஷமாகத் தனித்தனியே பதில் சொல்லிச் சமாளித்து வந்தோம். எங்களுக்குள் அதைப் பேசியதே இல்லை. பேச ஆரம்பித்தால் யாராவது ஒருவர் வேலைக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். அன்று இருவரும் எங்கும் கிளம்ப வேண்டியிருக்கவில்லை. திரும்பி வந்த வாரமே ஜி.பி.யிடம் சேர்ந்து போனோம். முடிவு இன்னும் தெரியாது. ஆனால் இப்போது ஊர்க் கேள்விக்கு இருவரும் ஒரே பதில் சொல்கிறோம். இதே நிலையில் இருப்பவர்களுக்கு: ஒரு வருஷம் முயன்றும் கருத்தரிக்காவிட்டால் ஜி.பி.யைப் பாருங்கள், மனைவிக்கு 36 அல்லது அதற்கு மேல் வயதானால் அதற்கும் முன்பே போங்கள். கணவரும் கூடப் போக வேண்டும்.

விசா கைக்கு வராதவர்கள் மனம் தளர வேண்டாம். செயின்ட் பாங்க்ராஸிலிருந்தே கெண்ட் கடற்கரையில் உள்ள டீல் ஊருக்கு ரயில் போகிறது. ஒன்றரை மணிப் பயணம். இந்தியாவுக்குப் போகும் கப்பல்கள் அந்தக் காலத்தில் காற்றுக்காகக் காத்து நின்ற கரை அது. லண்டனில் முதலாம் ஜார்ஜ் மன்னரைச் சந்தித்த பின், 1716 மார்ச்சில் சீகன்பால்குவும் மரியா டொரோத்தியாவும் கப்பலேறியதும் அங்கேதான். ஆகஸ்டில் சென்னை போய்ச் சேர்ந்தார்கள். கூழாங்கல் கரையில் உட்கார்ந்து புளிச்சாதம் சாப்பிட, போய்வரும் டிக்கெட் போதும்.

அடுத்த ரோஸ்டர் வெளியாகும் முன் இருவரும் ஒரே இரண்டு நாளைக் கேட்டு வையுங்கள். எந்த ஊர் என்பதைப் பிறகு பார்க்கலாம்.