கிராமத்தாரும் பொது நூல் நிலையமும்

கிராமங்களில் வீட்டு வரி செலுத்துகிற ஒவ்வொரு குடும்பத்தாரும் அவ்வரியுடன் சேர்த்து நூலக வரி என்ற ஒரு சிறு தொகையையும் செலுத்தி வருகின்றனர். வரி ரசீதை ஊன்றிப் பார்ப்போர் சிலரே. ஆதலால் இத்தொகை எதற்காக வாங்கப்படுகிறது, எங்கே போய்ச் சேருகிறது, அதற்கு ஈடாகத் தமக்குக் கிடைக்க வேண்டியது யாது என்பவற்றைப் பலர் அறியார். ஐக்கிய சங்கத்தில் பங்குத் தொகையைக் கட்டிவிட்டு, மகாசபைக்கும் போகாமல், லாபப் பங்கையும் கேளாமல் இருந்துவிடும் அங்கத்தினரை எவரும் விவேகி என்று சொல்லமாட்டார்கள். நூல் நிலைய விஷயத்தில் கிராமத்தாரில் பெரும்பாலோர் அத்தகைய அங்கத்தினராகவே இருந்து வருகின்றனர். கடலூர், சிதம்பரம் பகுதிகளிலுள்ள சங்கத்தார் தம் பணத்தால் நடைபெறும் இந்த ஸ்தாபனத்தை அறிந்து அதன் பலனை அடைய வேண்டுமென்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

வரியும் சட்டமும்

சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948-ம் வருஷத்தில் நிறைவேறிற்று. சுதந்தர இந்தியாவில் நூல் நிலையங்களுக்கென்று ஏற்பட்ட முதற் சட்டம் இதுவேயாகும். அக்காலத்தில் மாகாணத்தின் கல்வி மந்திரியாக இருந்தவர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். சட்டம் 1950-ல் அமலுக்கு வந்தது. நூல் நிலையங்களை நடத்தும் பொறுப்பு ஒவ்வொரு ஜில்லாவிலும் ஒரு நூலக ஆணைக்குழுவினிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தக் குழுவின் செலவுக்காக வீட்டு வரி, சொத்து வரி ஆகியவற்றின்மேல் நூலக வரி விதிக்கப்பட்டது. முதலில் குறைந்த வீதத்தில் இருந்த இவ்வரி பின்னர் உயர்த்தப்பட்டு, தற்போது ரூபாய்க்கு 10 பைசாவாக இருக்கிறது.

உதாரணமாக, ஒரு வீட்டுக்கு வருஷ வரி 110 ரூபாயானால் நூலக வரி 11 ரூபாய் ஆகும். அத்தகைய 600 வீடுகள் உள்ள ஊரிலிருந்து ஒரு வருஷத்திற்கு 6,600 ரூபாயும், பத்து வருஷங்களுக்கு 66,000 ரூபாயும் நூல் நிலையத்திற்கென்று சேரும். ஒரு வீட்டாருக்கு அற்பமாகத் தோன்றும் தொகை ஊர் முழுவதற்கும் கூட்டிப் பார்க்கும்போது அற்பமன்று. ஐக்கிய முறையின் தத்துவமும் இதுவேயன்றோ? பலருடைய சிறு தொகைகள் ஒன்று சேர்ந்து, தனி ஒருவரால் ஆகாத காரியத்தைச் செய்து முடிக்கின்றன.

வரியை வசூலிப்பது பஞ்சாயத்தும் நகராட்சியும். அதைப் பெற்றுச் செலவிடுவது நூலக ஆணைக்குழு. வசூலான வரி உரிய காலத்தில் குழுவுக்குப் போய்ச் சேராவிடில் புது நூல்கள் வாங்குவதும் கட்டடங்களைப் பழுது பார்ப்பதும் தடைப்படும். ஆகையால், தம் ஊரில் வசூலான நூலக வரி செலுத்தப்பட்டுவிட்டதா என்று கேட்பது வரி கொடுப்போரின் உரிமையும் கடமையும் ஆகும். அவ்வாறு கேட்பதற்குக் கிராம சபையே தக்க இடம்.

அண்டை ஊரார் ஒருவரின் முயற்சி

இச்சட்டத்திற்கு வித்திட்டவர் இப்பகுதியினருக்கு அந்நியரல்லர். சிதம்பரத்திற்குத் தெற்கே கொள்ளிடத்தைக் கடந்தால் அடையும் சீர்காழியில் 1892-ல் பிறந்த சீ. இரா. ரங்கநாதன் என்பவரே அவர். கணித ஆசிரியராயிருந்த அவர் 1924-ல் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் நூலகராக நியமிக்கப்பெற்றார். பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றிருந்த காலத்தில், அந்நாட்டில் தொழிலாளரும் பெண்டிரும் சிறுவரும் பொது நூல் நிலையங்களைத் தம்முடையவையாகவே கருதிப் பயன்படுத்தி வந்ததை அவர் நேரிற் கண்டார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் ஏற்படுவதற்கு அவர் முக்கிய காரணராயிருந்தார். 1930-ல் காசியில் கூடிய கல்வி மகாநாட்டில் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை முன்வைத்தார். 1931-ல் நூலக சாஸ்திரத்தின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, எடுத்துப் படிப்பதற்கே என்பதும், படிப்பவர் எவராயினும் அவருக்கேற்ற நூல் அவர் கைக்கு எட்ட வேண்டும் என்பதும் அவ்விதிகளின் சாரமாகும்.

அதே 1931-ம் வருஷத்தில் தஞ்சை ஜில்லா மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பும் நடமாடும் நூல் நிலையத்தை ஏற்படுத்தினார். நெல்லும் உரமும் ஏற்றும் வண்டியில் நூல்களும் ஏறி ஊருக்குள் வந்தன. பரோடா சமஸ்தானத்திலோ 1910 முதற்கொண்டே மன்னர் சாயாஜி ராவின் ஆதரவில் நூல் நிலைய இயக்கம் நடைபெற்று வந்தது. அங்கே நூல்களைப் பெட்டிகளில் அடைத்துக் கிராமங்களுக்கு அனுப்பி வந்தனர். இவ்விரண்டு உதாரணங்களாலும் விளங்குவது ஒன்றே. நூல் நிலையம் பட்டணவாசிகளின் பொழுதுபோக்குக்கு மாத்திரம் ஏற்பட்டதன்று.

ஏட்டுச் சுரைக்காயா?

"உழுது பிழைப்பவனுக்குப் புத்தகம் எதற்கு? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?" என்று சிலர் ஆட்சேபிக்கலாம். இதற்குக் கடலூர் ஜில்லாவின் அனுபவமே தக்க சமாதானம். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் இக்கரையைத் தாக்கியபோது பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரியும் பலாவும் ஏராளமாக வீழ்ந்தன. அத்தகைய காலங்களில் நிவாரணத்துக்கு மனுச் செய்யக் கடைசி நாள் எது, பயிர் இன்ஷியூரன்ஸுக்கு என்ன தஸ்தாவேஜுகள் வேண்டும், மறுபடி நடுவதற்கு ஏற்ற கன்று எது என்பவை யாவும் அச்சில் வருகின்றன. தாமே படித்துத் தெரிந்துகொள்ளக் கூடியவர் காலத்தில் மனுச் செய்வார். பிறர் சொல்லக் கேட்டே அறிபவர், சொல்ல ஆளில்லாதபோது தவணையைத் தவறவிடுவார்.

இன்னுமோர் ஆபத்துமுண்டு. இளமையில் நாலைந்து வகுப்புப் படித்தவர்களும் பின்னர் படிக்க ஒன்றும் கிடைக்காமையால் கற்றதை மறந்துவிடுகின்றனர் என்பதை 1929-லேயே ஹார்ட்டாக் கமிட்டியார் எடுத்துக்காட்டினர். அவ்வாறு மறந்தவருக்கு எஞ்சியிருப்பது கையெழுத்துப் போடும் வழக்கம் ஒன்றுதான். தாம் கையெழுத்திடும் கடன் பத்திரத்தில் வட்டி எவ்வளவு, தவணை எத்தனை, ஜாமீன்தாரின் பொறுப்பு யாது என்பவற்றைப் படித்தறிய மாட்டாத அங்கத்தினரால் அவருக்கும் நஷ்டம், சங்கத்துக்கும் நஷ்டம். வயலில் பாசனம் நின்றால் பயிர் வாடுவதுபோல், வாசிப்பு நின்றால் கல்வி வாடும். அதற்கு நீர் பாய்ச்சும் வாய்க்காலே நூல் நிலையம்.

கிடைக்கும் உதவிகள்

ஜில்லாவின் தலைநகராகிய கடலூரில் மாவட்ட மைய நூலகமும், சிதம்பரம் முதலிய ஊர்களில் கிளை நூலகங்களும், சிற்றூர்களில் ஊர்ப்புற நூலகங்களும் பகுதி நேர நூலகங்களும் இருக்கின்றன. சிதம்பரத்தையடுத்து 1929-ல் ஏற்பட்ட அண்ணாமலைச் சர்வகலாசாலைக்கும் பெரியதொரு புஸ்தகசாலை உண்டு. ஆயினும் அது அங்குள்ள மாணாக்கருக்கும் ஆசிரியருக்கும் உரியது. பொதுஜனங்களுக்கு உரியது கிளை நூலகமே.

பொது நூலகத்தில் உட்கார்ந்து பத்திரிகைகளையும் நூல்களையும் படிப்பதற்குக் கட்டணமில்லை. வீட்டுக்கு நூல் எடுத்துச் செல்ல விரும்புவோர் ஒரு சிறு காப்புத் தொகையும் சந்தாவும் செலுத்தி உறுப்பினராகலாம். சிறுவருக்கான நூல்களும், சர்க்கார் உத்தியோகப் பரீட்சைகளுக்குப் படிக்கும் வாலிபர்களுக்கு வேண்டிய நூல்களும் அங்கே உண்டு. வயது முதிர்ந்தோர், அங்கவீனர் முதலிய நேரில் வர இயலாதவர்களின் வீட்டுக்கே நூல்களைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக 2022-ல் 'நூலக நண்பர்கள்' என்ற தொண்டர் திட்டம் தொடங்கப்பட்டது. திறக்கும் நேரம், விடுமுறை நாள், காப்புத் தொகை ஆகியவற்றை அந்தந்த நூலகத்திலேயே கேட்டறிந்து கொள்ளலாம்.

விவசாயிகள் கேட்டுப் பெறவேண்டியது மற்றொன்றுமுண்டு. இந்த ஜில்லாவிலேயே கடலூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையமும், பாலூரில் காய்கறி ஆராய்ச்சி நிலையமும், விருத்தாசலத்தில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. விதை, உரம், பூச்சி நிவாரணம் பற்றிய துண்டுப் பிரசுரங்களும் விவசாய மாதப் பத்திரிகைகளும் தம் ஊர் நூலகத்தின் மேஜைமேல் இருக்க வேண்டுமென்று வாசகர்கள் எழுதிக் கேட்கலாம். கேட்பாரில்லாத நூல் வாங்கப்படுவதுமில்லை.

வருஷத்தில் கவனிக்க வேண்டிய நாட்கள்

நூல் நிலையங்களில் விசேஷ நிகழ்ச்சிகள் நடைபெறும் நாட்களைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தல் நலம்.

ஏப்ரல் 23 உலகப் புத்தக தினம். புது உறுப்பினரைச் சேர்ப்பதற்கு இது ஏற்ற சமயம்.

ஜூலை மாதத்தில் நெய்வேலியில் புத்தகக் கண்காட்சி நடைபெறுவது வழக்கம். சங்கத்தார் சிலர் ஒன்றாகச் சென்றால் ஊர் நூலகத்துக்கு வேண்டிய நூல்களைக் கண்ணாற் பார்த்துத் தெரிந்தெடுக்கலாம்.

ஆகஸ்டு 12 நூலகர் தினம். மேலே கூறிய ரங்கநாதனின் நினைவாகக் கொண்டாடப்படுவது.

நவம்பர் 14 முதல் 20 வரை தேசீய நூலக வாரம். இவ்வாரத்தில் நூலகங்களில் சொற்பொழிவுகளும், சிறுவருக்குக் கட்டுரை, பேச்சு, ஓவியப் போட்டிகளும் நடத்துவது வழக்கம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலமாதலால், தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து பிள்ளைகளை அனுப்புவோர் வண்டி ஏற்பாட்டை முன்னதாகவே செய்துகொள்ளல் வேண்டும்.

இவையன்றி ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராம சபை நாட்களும் நூலகத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய நாட்களேயாம்.

சங்கத்தார் செய்யத்தக்கவை

1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் ஐக்கியப் பண்டகசாலை திறந்த நெசவாளர் முதலிய தொழிலாளர்கள் மாவும் வெண்ணெயும் விற்றதோடு நின்றுவிடவில்லை. சில வருஷங்களுக்குள் வாசகசாலையும் நூல் நிலையமும் ஏற்படுத்தி, லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென்று ஒதுக்கினர். இந்தியாவில் 1912-ம் வருஷத்து ஐக்கிய சங்கச் சட்டமும், நிகர லாபத்தில் கால் பாகத்தைச் சேம நிதிக்கு எடுத்த பின்னர், எஞ்சியதில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாமல் ரிஜிஸ்திராரின் சம்மதத்துடன் தர்ம காரியங்களுக்கு உதவலாமென்று இடங்கொடுத்தது. கல்வியும் அத்தர்ம காரியங்களில் ஒன்றாகவே கருதப்பட்டது. ஆகையால் நூல் நிலையத்துக்கு உதவுவது ஐக்கிய இயக்கத்துக்குப் புறம்பானதன்று.

முதலாவது, ஊரிலுள்ள நூலகத்தின் நிலையைப் போய்ப் பார்த்தல் வேண்டும். 2006-ம் வருஷத்துக்குப் பின் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ்ப் பஞ்சாயத்துகளில் நூலகக் கட்டடங்கள் எழுப்பப்பட்டன. அவற்றுட் பல பின்னர் திறப்பாரின்றிப் பூட்டிக்கிடக்க நேர்ந்தது. பூட்டிய அறையில் நூல்களைத் தின்பது கரையான் ஒன்றே. அத்தகைய கட்டடம் ஊரில் இருந்தால், சாவி யாரிடம் இருக்கிறது, தினந்தோறும் திறப்பவர் யார் என்ற இரண்டு கேள்விகளையும் கிராம சபையில் எழுப்பி, விடையைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்தல் வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு நூலகத்துக்கும் வாசகர் வட்டம் என்ற அமைப்பு உண்டு. சங்க நிர்வாகிகளில் ஒருவரேனும் அதில் சேர்ந்திருப்பின், விவசாயிகளுக்கு வேண்டிய நூல்களையும் சொற்பொழிவுகளையும் கேட்டுப் பெற எளிதாகும்.

மூன்றாவது, வசதியுள்ளோர் 1,000 ரூபாய் செலுத்தி நூலகத்தின் புரவலராகலாம். தனித்துக் கொடுக்க இயலாதோர் இருபது பேர் சேர்ந்து ஆளுக்கு 50 ரூபாய் வீதம் திரட்டி, ஊரில் ஒருவர் பெயரால் செலுத்தலாம். சங்கத்தின் லாபத்திலிருந்து கொடுக்க விரும்பினால், இப்போது அமலிலுள்ள விதிகளைச் செயலாளர் மூலம் அறிந்து, மகாசபையின் தீர்மானமும் உரிய அனுமதியும் பெற்றுச் செய்தல் வேண்டும்.

நான்காவது, இது செலவில்லாதது. மாதமொருமுறை, சங்கத்துக்கு அங்கத்தினர் பலர் வரும் நாளில், படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர் நூலகத்திலிருந்து எடுத்து வந்த விவசாயப் பிரசுரமொன்றை யாவரும் கேட்கப் படித்துக் காட்டலாம். கண் பார்வை குன்றிய முதியோரும், பள்ளி சென்றறியாத பெண்டிரும் அதனால் பயனடைவர். கேட்டவர்களிற் சிலர் தாமே படிக்கவும் முற்படுவர்.

சேம நிதியைச் சங்கத்தார் கண்போற் காக்கின்றனர். பஞ்சம் வந்தாலும் புயல் வந்தாலும் அதுவே சங்கத்தைத் தாங்குவது. ஊர் நூலகமும் அத்தகையதொரு சேம நிதியே. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பண நிதி எடுக்க எடுக்கக் குறையும். நூல் நிதியோ எடுத்துப் படிப்பார் மிகுதியாக ஆக வளரும், எடுப்பாரற்றுப் போனால் அழியும். வரி ஏற்கெனவே கட்டியாயிற்று. இனி அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் பிள்ளைகளுடன் ஒருமுறை நூலகத்தின் படியேறித் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டியதே பாக்கி.