ஜாம்கேட்: ஊரின் கையில் ஒப்படைக்கப்பட்ட மருத்துவம்

மகாராஷ்டிர மாநிலத்தில், அண்மையில் அகில்யாநகர் எனப் பெயர் மாற்றப்பட்ட அகமதுநகர் மாவட்டத்தின் வறண்ட வட்டங்களுள் ஒன்று ஜாம்கேட். ரஜனிகாந்த் அரோலே, மேபல் அரோலே என்ற கிறிஸ்தவ மருத்துவத் தம்பதியர் 1970ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய ஒருங்கிணைந்த ஊரக நலத்திட்டம், ஏழைகளுக்கு மருத்துவம் செய்வதுடன் நின்றுவிடாமல், தங்கள் பிள்ளைகளின் உயிரைத் தாங்களே காக்கும் அறிவையும் அதற்குரிய அதிகாரத்தையும் அவர்களிடமே ஒப்படைத்தது. சமய நம்பிக்கையிலிருந்து பிறக்கும் அறப்பணி எத்தகைய வடிவம் பெறும்போது நிலைத்த பயன் தருகிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை இந்தியாவில் அரிதாகவே கிடைக்கும்.

இந்தியாவில் கிறிஸ்தவ மருத்துவப் பணி நெடிய வரலாறு கொண்டது. பெண்கள் ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய காலத்தில், ஐடா ஸ்கடர் 1918ஆம் ஆண்டில் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆயிற்று. இத்தகைய நிறுவனங்களால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் கணக்கிலடங்கா. ஆயினும் 1960களில், ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இயங்கிய திருச்சபை மருத்துவமனைகளைப் பற்றித் திருச்சபையினரே ஒரு கடினமான கேள்வியை எழுப்பினர். பணமும் உழைப்பும் பெரும்பாலும் நோய் வந்தபின் செய்யும் சிகிச்சைக்கே செலவாகின்றன என்பதும், மருத்துவமனையின் வாசலை எட்ட முடியாத ஏழைகளுக்கு அவற்றால் பயனில்லை என்பதும் தெரியவந்தன. 1964இல் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் கூடிய கருத்தரங்கு இதை விரிவாக விவாதித்தது. அதன் தொடர்ச்சியாக, பல திருச்சபைப் பிரிவுகளின் கூட்டமைப்பான உலகத் திருச்சபை மன்றம் 1968இல் கிறிஸ்தவ மருத்துவ ஆணையத்தை அமைத்தது. ஜாம்கேட் திட்டத்துக்குத் தொடக்கத்திலேயே துணை நின்ற அமைப்புகளுள் இதுவும் ஒன்று.

அரோலே தம்பதியர் இருவரும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்கள். 1960இல் மணம் புரிந்தபோதே கிராமப்புற ஏழைகளுக்காக வாழ்நாளை அர்ப்பணிப்பதென உறுதி பூண்டவர்கள். அகமதுநகர் மாவட்டத்தின் வடாலா என்ற ஊரில் இருந்த மிஷன் மருத்துவமனையில் சில ஆண்டுகள் பணியாற்றியபோது, குணமாகி வீடு திரும்பிய குழந்தைகளே அதே வயிற்றுப்போக்குடனும் அதே ஊட்டக்குறைவுடனும் மீண்டும் மீண்டும் கொண்டுவரப்படுவதை அவர்கள் கண்டனர். அசுத்தமான நீரும் பசியும் அறியாமையும் ஊரிலேயே இருக்க, மருத்துவமனையில் மருந்து மட்டும் கொடுப்பதால் நோயின் வேர் அறுபடவில்லை. இந்த உணர்வோடு அமெரிக்கா சென்ற அவர்கள், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம், அதாவது தனி நோயாளியை மட்டும் பாராமல் ஒரு மக்கள்தொகை முழுவதன் உடல்நலத்தையும் ஆராயும் துறை, பயின்று திரும்பி ஜாம்கேடைத் தேர்ந்தெடுத்தனர்.

அப்போது அந்த வட்டாரத்தில் சிசு மரண விகிதம் 176ஆக இருந்தது. உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறைவதற்குள் இறப்போரின் எண்ணிக்கையே சிசு மரண விகிதம் எனப்படும். ஆகவே ஏறத்தாழ ஆறு குழந்தைகளில் ஒன்று முதல் பிறந்தநாளைக் காணவில்லை. எனினும், ஊராரிடம் அவர்களின் முதல் தேவை எதுவென்று கேட்டபோது, அவர்கள் மருத்துவத்தைச் சொல்லவில்லை. சோறும் தண்ணீருமே வேண்டும் என்றனர். 1970களின் தொடக்கத்தில் மகாராஷ்டிரத்தைக் கடும் வறட்சி வாட்டிக்கொண்டிருந்த நிலையில் இதில் வியப்பொன்றும் இல்லை. மருத்துவர்களாக வந்தவர்கள் அந்த விடையை அப்படியே ஏற்று, ஊர் இளைஞர்களையும் உழவர்களையும் மன்றங்களாகத் திரட்டி, குழந்தைகளுக்கு உணவளிக்கும் பொதுச் சமையலறைகளையும் ஆழ்துளைக் கிணறுகளையும் அமைப்பதிலேயே தங்கள் பணியைத் தொடங்கினர்.

அந்தக் கிணறுகள் தோண்டப்பட்ட இடம் கவனிக்கத்தக்கது. ஊர்ப் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கும் உரிமை தலித் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்ததால், அடிபம்புகள் பல இடங்களில் அவர்களுடைய குடியிருப்பிலேயே நிறுவப்பட்டன. நல்ல நீர் வேண்டுமானால் பிற சாதியினரும் அங்கே வந்து, அதே பம்பை அடித்து, அதே வரிசையில் நின்று குடம் நிரப்ப வேண்டியிருந்தது. தீண்டாமையும் ஒரு நோய்க் காரணமே என்பதையும், அதைத் தொடாமல் குழந்தைகளின் உடல்நலத்தைத் தொட முடியாது என்பதையும் ஜாம்கேட் தொடக்கத்திலேயே கண்டுகொண்டது.

திட்டத்தின் உயிர்நாடி, கிராம சுகாதாரப் பணியாளர் என்ற ஏற்பாடு. முதலில் பயிற்சி பெற்ற செவிலியரை ஊர்களில் தங்கவைக்க முயன்றபோது அது பலன் தரவில்லை; வெளியிலிருந்து வந்தவர்களுக்கு ஊரும் ஒட்டவில்லை, ஊராருக்கு அவர்களும் ஒட்டவில்லை. அதன்பின், ஊராரே தங்களுக்குள் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் முறை உருவாயிற்று. அவ்வாறு வந்தவர்களில் பலர் எழுத்தறியாதவர்கள். தலித் பெண்கள், கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள் எனச் சமூகத்தின் கடைக்கோடியில் வைக்கப்பட்டவர்கள். வாரந்தோறும் ஜாம்கேடுக்கு வந்து, சாதி வேறுபாடின்றி ஒன்றாகச் சமைத்து உண்டு, ஒரே கூடத்தில் தங்கி, படங்களாலும் பாட்டுகளாலும் உரையாடலாலும் அவர்கள் மருத்துவம் கற்றனர். தன்னம்பிக்கை வளர்ப்பதே அப்பயிற்சியின் முதற்பாடமாக இருந்தது. தன் பெயரை உரக்கச் சொல்லவே கூசிய பெண், ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று பேசும் துணிவைப் பெறாமல் எந்த மருத்துவ அறிவும் ஊரைச் சென்றடையாது என்பதை அரோலே தம்பதியர் உணர்ந்திருந்தனர்.

அப்பெண்கள் செய்த வேலையை அருகிருந்து பார்த்தால் அதன் எளிமையும் ஆற்றலும் விளங்கும். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் நோய் முற்றும் என்ற நம்பிக்கை நிலவிய வீடுகளில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து சிறிது சிறிதாகப் புகட்டினால் குழந்தை பிழைக்கும் என்பதைச் செய்துகாட்டுவது அவர்களின் பணிகளுள் ஒன்று. வயிற்றுப்போக்கில் உயிரைப் பறிப்பது உடலின் நீரிழப்பே. குடலில் சர்க்கரை உறிஞ்சப்படும்போது உப்பையும் உடன் இழுத்துச் செல்கிறது, அவற்றைத் தொடர்ந்து நீரும் உடலுக்குள் சேர்கிறது. பேறுகாலத்தில், சுத்தமில்லாத கருவியால் தொப்புள்கொடியை அறுத்து அதன்மேல் சாணமோ சாம்பலோ பூசுவதால் உண்டாகும் ரணஜன்னி, பிறந்த சில நாள்களிலேயே குழந்தையின் தசைகளை விறைக்கச் செய்து கொல்லும் கொடிய நோய். சோப்பு, புதிய பிளேடு, கொதிக்கவைத்த நூல் ஆகியவை அடங்கிய சிறு பையும், கருவுற்ற தாய்க்குப் போடப்படும் தடுப்பூசியும் அதைத் தடுத்துவிடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு வளர்ச்சி அட்டையில் குறிப்பதும், ஓயாத இருமலைக் கண்டு காசநோயையும் உணர்ச்சியற்ற தேமலைக் கண்டு தொழுநோயையும் தொடக்கத்திலேயே ஐயுறுவதும் அவர்களின் அன்றாடக் கடமைகளாயின.

இப்பணியை உடல்நலத்தோடு நிறுத்த முடியவில்லை. சிறுமியாக இருக்கும்போதே மணம் முடிக்கப்பட்டு, உடல் முதிர்ச்சி பெறுமுன் தாயாகும் பெண்ணுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கிறது. அக்குழந்தை நோய்க்கு எளிதில் இரையாகிறது. ஆகவே பெண் கல்வியும் திருமண வயதும் சிசு மரணத்தோடு நேரடித் தொடர்புடையவை. இதனால் சிறுவர்களுக்கான பால்வாடிகள், வளரிளம் பெண்களுக்கான வகுப்புகள், பெண்கள் சேமித்துக் கடன் பெறும் மன்றங்கள், மரம் வளர்த்தல், நீர்ப்பிடிப்புப் பகுதிகளைச் சீரமைத்தல் ஆகியவை ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைத்தன. ஜாம்கேடில் உள்ள மருத்துவமனை, ஊரளவில் தீர்க்க முடியாத அறுவைச் சிகிச்சைகளுக்கும் சிக்கலான பேறுகளுக்கும் துணையாக நின்றது. கால் இழந்தோருக்குக் குறைந்த செலவில் செயற்கைக் கால்கள் செய்துதரும் பட்டறையும் அதனோடு இணைந்து இயங்கியது.

விளைவுகள் விரைவாகவே தெரிந்தன. 1971இல் 176ஆக இருந்த சிசு மரண விகிதம் ஐந்தே ஆண்டுகளில் 52ஆகக் குறைந்து, 1990களில் 30க்கும் கீழே இறங்கியது. உலக சுகாதார நிறுவனம் 1975இல் வெளியிட்ட, மக்களே நடத்தும் சுகாதாரத் திட்டங்களைப் பற்றிய நூலில் ஜாம்கேடுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கப்பட்டது. 1978இல் அல்மா ஆட்டா நகரில் கூடிய உலக நாடுகள், ஆரம்ப சுகாதாரப் பாதுகாப்பு என்ற கொள்கையை, அதாவது மக்கள் வாழும் இடத்திலேயே அவர்களின் பங்கேற்புடன் அடிப்படை மருத்துவத்தையும் நோய்த் தடுப்பையும் வழங்க வேண்டும் என்ற கொள்கையைப் பிரகடனமாக வெளியிட்டபோது, அதற்கு வழிகாட்டிய களப்பணிகளுள் ஜாம்கேடும் இருந்தது. அரோலே தம்பதியருக்கு 1979இல் மகசேசே விருது வழங்கப்பட்டது. 2005இல் இந்திய அரசு தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் வழியாக நாடெங்கும் அறிமுகப்படுத்திய ஆஷா பணியாளர் திட்டத்திலும், ஊர்ப் பெண்ணே ஊரின் நலத்துக்குப் பொறுப்பேற்கும் அதே கருத்தைக் காணலாம்.

இதை வேறிடத்தில் நிகழ்த்துவது எளிதன்று. பெண்களைத் தேர்ந்தெடுத்துச் சில வாரப் பயிற்சியளித்து அனுப்பிவிட்டால் ஜாம்கேட் உருவாகிவிடாது. வாரந்தோறும் தொடர்ந்த பயிற்சியும், பின்னணியில் நம்பகமான மருத்துவமனையும், படித்தவர் தம் மேலாண்மையை விட்டுக்கொடுக்கும் மனமும் பல பத்தாண்டுகள் நீடித்ததே அதன் வெற்றிக்குக் காரணம். இவற்றுள் கடைசியானதே மிக அரியது. கொடுப்பவர் என்றும் கொடுப்பவராகவும் பெறுபவர் என்றும் பெறுபவராகவும் இருக்கும்வரை, அறப்பணி எவ்வளவு பெருகினாலும் வறுமையின் அமைப்பு மாறாமலே இருக்கும்.

எளியவர்க்குச் செய்வதே இறைவனுக்குச் செய்வது என்பது கிறிஸ்தவ நம்பிக்கையின் மையக் கருத்துகளுள் ஒன்று. அரோலே தம்பதியர் அந்த நம்பிக்கையிலிருந்தே தங்கள் பணிக்கு ஊக்கம் பெற்றனர். பெரும்பாலும் இந்துக்கள் வாழ்ந்த அந்த ஊர்களில், எளியவரின் அறிவாற்றலையும் தன்மதிப்பையும் போற்றுவதே அந்த நம்பிக்கைக்கு அவர்கள் அளித்த பொருள். 1999இல் மேபலும் 2011இல் ரஜனிகாந்தும் மறைந்த பின்னரும் பணி தொடர்வதற்கு அடிப்படை, அது ஊர்ப் பெண்களின் உடைமையாகிவிட்டதே. குழந்தைகளுக்காகவும் கல்விக்காகவும் நிதி திரட்டும் எந்த அமைப்பையும், அது எச்சமயத்தைச் சார்ந்ததாயினும், இந்த அளவுகோலால் மதிப்பிடுவது தகும்: அந்த அமைப்பு விலகிச் சென்ற பின்னும் தங்கள் குழந்தைகளைக் காக்கும் திறன் அவ்வூர் மக்களிடம் எஞ்சியிருக்குமா என்று கேட்க வேண்டும். நன்கொடை வழங்குவோர் இக்கேள்வியை வலியுறுத்திக் கேட்கத் தொடங்கினால், அறப்பணியின் பெயரால் நிகழும் வீண்செலவு குறைந்து, ஏழைக் குழந்தைகளுக்கு நிலையான நன்மை விளையும்.