சிங்கப்பூரில் அம்மாவுடன் ஆறு நாட்கள்

ஊருக்கு எங்களால் போக முடியாது. இங்கே வந்து பார்க்க அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. பதினொரு வருடங்கள் தொலைபேசியிலேயே போய்விட்டன. கடைசியில், இரு பகுதியினரும் போய்ச் சேரக்கூடிய ஓரிடத்தில் சந்திப்பதென்று முடிவெடுத்தோம். இரண்டு வருடம் சேமித்து, சூரிச்சிலிருந்து பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பறந்து, பிள்ளைகள் இருவருடனும் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் இறங்கினோம். அம்மா எங்களுக்கு முன்னரே வந்து காத்திருந்தார். முன்பு கண்டிராத பேரப்பிள்ளைகளை அவர் தொட்டுத் தொட்டுப் பார்த்ததை எழுத வார்த்தையில்லை.

முதல் மாலை சிராங்கூன் சாலைக்குப் போனோம். மல்லிகைச் சரம், நகைக்கடை, மளிகைக்கடை, தமிழில் பெயர்ப்பலகை. தேக்கா சந்தையில் முருங்கைக்காய், வாழைப்பூ, கீரை, மீன் எல்லாம் குவிந்து கிடந்தன. அம்மா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, வாங்குகிறவர் போலவே விலை கேட்டார். 1947இல் தொடங்கிய கோமள விலாசில் தோசை சாப்பிட்டோம். ஞாயிறு மாலையில் இந்த வீதிகளில் கால் வைக்க இடமிருக்காது. தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேசிலிருந்தும் வந்து வேலை செய்பவர்கள் நண்பர்களைக் காண இங்கேதான் கூடுகிறார்கள். எங்களைப் போலவே அவர்களும் குடும்பத்தைத் தொலைபேசியில் பார்ப்பவர்கள்தானே.

மறுநாள் இரவு சீனர் பகுதி. அதன் நடுவே சவுத் பிரிட்ஜ் வீதியில் மாரியம்மன் கோயில் நிற்கிறது. 1819இல் ராபிள்சுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827இல் நிறுவிய கோயில் அது. அங்கிருந்து லாவ் பா சாட் சந்தைக்கு நடந்தோம். இரவானதும் பக்கத்து வீதியை மறித்து மேசை போட்டு, கரியடுப்பில் சாத்தே சுடுகிறார்கள். இறைச்சியைக் குச்சியில் கோத்துச் சுட்டு, கச்சான் குழம்புடன் தருவதுதான் சாத்தே. பிள்ளைகள் எண்ணாமல் சாப்பிட்டார்கள். சுவிஸ் உணவகத்தில் விலைப்பட்டியலை வலப்பக்கமிருந்து வாசிக்கும் நாங்களும் அன்று எண்ணவில்லை! இந்தச் சாப்பாட்டுக்கடைப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020இல் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மூன்றாம் இரவு துறைமுகப் பக்கம். சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலை வாயால் நீரைக் கொட்டுகிறது. எதிர்க்கரையில் 2012இல் திறந்த பூங்காவில், இரும்பால் செய்த பெருமரங்கள் இரவில் இசையோடு ஒளிர்கின்றன. அதைப் பார்க்கக் கட்டணமில்லை. புல்லில் படுத்தபடி பார்த்தோம். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எங்கள் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனார்.

அடுத்த நாள் அம்மா சொன்ன இடம் ஒன்றுதான்: சிலோன் வீதி. அங்கே இலங்கைத் தமிழர் எழுப்பிய செண்பக விநாயகர் கோயில் இருக்கிறது. ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தவர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் எழுதுவினைஞராகவும் ரயில்வே ஊழியராகவும் வந்தார்கள். ஊரில் 'மலாயா பென்சனியர்' என்று சொல்வோமே, அவர்கள்தான். அம்மாவின் பெரியப்பாவும் அப்படி ஒருவர். 'பெரியப்பா கும்பிட்ட பிள்ளையார்' என்று அம்மா கண் கலங்கினார். சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். இராஜரத்தினம் வட்டுக்கோட்டையில் பிறந்தவர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம்.

சுவிசில் நான்கு தேசிய மொழிகள் இருப்பது போலச் சிங்கப்பூரிலும் நான்கு ஆட்சிமொழிகள். மலாய், சீனம், ஆங்கிலத்துடன் தமிழும் ஒன்று. ரயில் நிலைய அறிவித்தலிலும் தமிழ் இருந்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அழுதுகொண்டு போகும் எங்கள் மகன், அம்மம்மாவின் கையைப் பிடித்தபடி அதை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினான்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ரிக்கற் எடுக்கும் முன் உங்கள் அனுமதிப் பத்திரத்தைப் பாருங்கள். 'என்', 'எஃப்' அனுமதி உள்ளவர்கள் நினைத்தபடி வெளிநாடு போக முடியாது. முதலில் கன்டோன் குடிவரவு அலுவலகத்தில் விசாரியுங்கள். அகதியாக ஏற்கப்பட்டவர்கள் பயணப் பத்திரத்துக்கு நேரத்தோடு விண்ணப்பியுங்கள். அந்தப் பத்திரத்துக்குச் சிங்கப்பூர் விசா வேண்டுமா என்றும் கேளுங்கள். அங்கே வீதியில் குப்பை போட்டால் தண்டம். சூயிங்கம் கொண்டுபோகாதீர்கள்.

ஆறாம் நாள் அம்மாவின் விமானம் முதலில். உள்ளே போகும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பையில் மிஞ்சிய முறுக்குப் பொட்டலத்தைச் சுவிசுக்கு வந்துதான் பிரித்தோம். அடுத்த பயணத்துக்கென்று உண்டியலில் அன்றே இருபது பிராங் போட்டோம்.